இணைக்கப்பட்டது, இணையம் இல்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, தன் போனில் வீட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். அவள் வைத்ததுதான். வீட்டில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வந்தது. மூன்றே பெயர்கள்: ‘நான்’, ‘அம்மா போன்’, ‘அம்மா லேப்டாப்’. மூன்றாவதைத் தொட்டாள். இந்தக் கருவியைத் தடுக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றாள்.

முழுக் கதையும் இதுதான். மிச்சமெல்லாம் இதிலிருந்து கசிந்தது.

ஏன் தடுத்தாள் என்பதையும் மறைக்கப்போவதில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த லேப்டாப்பில் அம்மாவுக்கு வெளிநாட்டு வேலைக்கான ஒரு நேர்காணல் இருந்தது. அதில் தேறினால் அம்மா விமானம் ஏறிப் போய் இரண்டு வருஷம் கழித்து வருவாள். அதுவரை அந்தப் பெண் மாமா வீட்டில் இருக்க வேண்டும்.

(அந்தப் பெண் நான் இல்லை. கதை எழுதுகிறவர்களை எல்லாரும் இப்படித்தான் சந்தேகப்படுகிறார்கள்.)

2

முதல் வரியாக வேறு சிலவற்றை எழுதிப் பார்த்தேன். அழிக்க மனம் வராமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

‘அந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் பற்கள் கிடந்தன.’ உண்மைதான். ஆனால் பேய்க்கதை என்று நினைத்து மூடிவிடுவீர்கள்.

‘அம்மா செய்த பற்களால்தான் இந்த ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.’ இது மாமா சொல்கிற வசனம். அவருக்கு எதையும் பாதியாகச் சொல்லிப் பழக்கமில்லை என்பதால் ‘பாதிப் பேர்’ என்பதையே குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘அவள் கெட்ட பெண் இல்லை, ஆனால்’

மூன்றாவதை முடிக்க வரவில்லை.

அம்மா பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, கல்லாக்கி, அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பாள். பதினோரு வருஷமாக ஒரே லேபில் அந்த வேலை. அவசர வேலை இருந்தால் வீட்டுக்கும் கொண்டுவருவாள். அதனால் எங்கள் வீட்டில்* மெழுகு இல்லாத இடம் இல்லை. குழாயின் திருகில், லைட் சுவிட்சில், உப்பு டப்பாவின் மூடியில், அந்தப் பெண்ணின் கணக்கு நோட்டில் கூட அம்மாவின் விரல் அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல் இருக்கும். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. அம்மா அதில் பல்லைத் தீட்டும்போது தேனீ ரொம்ப தூரத்தில் பறப்பதுபோல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும். மாமா வீட்டில் அந்தச் சத்தம் இருக்காது.

அம்மாவை யாரும் துரத்தவில்லை. அவளுக்கே ஆசை. அங்கே பல்லைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்களாம், மெழுகே கிடையாதாம். ஆறு மாதமாக அந்த வரைகிற புரோகிராமை லேப்டாப்பில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். நேர்காணலில் அவர்கள் கண்முன்னால் ஒரு கடைவாய்ப்பல் வரைந்து காட்ட வேண்டும். அதற்கு இந்த லேப்டாப்தான் வேண்டும், போனில் நடக்காது. லேபுக்குப் போய்ச் செய்யலாமா என்றால், முதலாளிக்கு விஷயமே தெரியாது.

* ‘அவர்கள் வீட்டில்’ என்று இருக்க வேண்டும். இப்படியே இருக்கட்டும்.

3

நாலரை மணிக்கு மாமா வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நேர்காணல் செய்பவர் மாதிரி உட்கார்ந்து தன்னிடம் கேள்வி கேட்டுப் பழக்குவதற்காக அம்மாதான் அவரை வரச் சொல்லியிருந்தாள். வந்த இடத்தில் லேப்டாப் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, வீட்டுலயே எஞ்சினியர வச்சுக்கிட்டு லிஃப்டுக்காரன்கிட்ட காட்டுற?”

“அவ தூங்குறாடா. எழுப்ப வேணாம்னு பாத்தேன்.”

“நாலரை மணிக்குத் தூக்கமா? எஞ்சினியரம்மா, வெளில வாங்க. உங்க ஆஸ்பத்திரிக்குப் பேஷண்ட் வந்திருக்கு.”

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். (தூங்கியவள் மாதிரி. இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கண்ணைக் கசக்கியிருக்க வேண்டாம்.)

“என்னடி சொல்லுது அது?” என்றாள் அம்மா.

திரையின் மூலையில் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’* என்று இருந்தது. அவள் படித்துச் சொன்னாள். “சேந்திருச்சாம். ஆனா நெட் வரலையாம்.”

“கல்யாணம் ஆயிருச்சு, பேச்சுவார்த்தை இல்லைங்குது” என்றார் மாமா.

“டேய், சின்னப் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது?”

“நான் மெஷினப் பத்திப் பேசுறேன்க்கா. நீ ஏன் மனுசங்களப் பத்தி நினைக்கிற?”

லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்து காட்டினாள். எங்கள் நெட்வொர்க்கின் பெயர் ‘பல்லைக்காட்டு’. அது எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அதற்குக் கீழே அக்கம்பக்கத்து வீடுகள்: ‘மூணாம்மாடி’, ‘தையல்கடை’, ‘கேக்காதீங்க’, ‘புதுசு2’. ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் சின்னச் சின்ன வில்கள், குளத்தில் கல் போட்ட மாதிரி. அவளுக்கு அந்தப் பட்டியல் எப்போதும் பிடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து வாசலில் நிற்பது போல இருக்கும்.

மாமா சட்டைக் கையை மடித்தார். “லிஃப்ட் நின்னா நான் என்ன பண்ணுவேன்? கதவத் திறந்து மூடுவேன். நூத்துல எண்பது அதுலயே சரியாயிரும்.” ரவுட்டரின் வயரைப் பிடுங்கினார். பத்து வரை எண்ண ஆரம்பித்தார். ஏழிலேயே செருகிவிட்டார், பொறுமை இல்லாமல். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. லேப்டாப் அதையே சொன்னது.

“வயர்லயே மாட்டிப் பாக்கலாமே?” என்றார்.

“அந்த ஓட்டைய போன வருசம் யாரு உடைச்சா?” என்றாள் அம்மா.

மாமா பேச்சை மாற்றினார். “நேத்து ஓடுனது இன்னைக்கு நின்னா, யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆனா நான் யாருன்னு கேக்கவே மாட்டேன். கேட்டா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான், அந்த பில்டிங்ல சண்டதான் மிஞ்சும். எங்கன்னு மட்டும் கேப்பேன். எங்கன்னு தெரிஞ்சா லிஃப்ட் ஓடிரும்.”

அவள் கையிலிருந்த போனைத் திரை தெரியாமல் கவிழ்த்துக்கொண்டாள்.

 * அந்த லேப்டாப்புக்குத் தமிழ் தெரியாது. அது சொன்னதை நான்தான் தமிழாக்கினேன், வார்த்தை வார்த்தையாக, கூட்டாமல் குறைக்காமல். இந்தக் கவனத்துக்கு ஒரு பலன் இருக்கிறது. அப்போது எனக்கும் தெரியாது.

4

“சிக்னல் பத்தலையோ என்னவோ. தூக்கிட்டு நடந்து பாருக்கா” என்றார் மாமா.

அம்மா லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்தி, தட்டில் விளக்கை எடுத்துப் போகிறவள் போல மெதுவாக நடந்தாள். விரல்கள் அடியில், கட்டைவிரல்கள் இரண்டும் முன்விளிம்பில். மத்தியானம் முழுக்க மெழுகில் வேலை செய்த கை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி. பின்னாலேயே மாமா, மாமாவுக்குப் பின்னால் அவள்.

“வருதா?”

“அதேதான்.”

“ஃப்ரிட்ஜுகிட்ட போகாத. ஃப்ரிட்ஜு சிக்னலக் குடிச்சிரும்.”

“சொல்லிட்டாருடி விஞ்ஞானி.”

அந்த ஊர்வலத்தை என்னால் மறக்க முடியாது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரை வெளிச்சம் அம்மாவின் தாடையில் விழுந்து, வேறு ஏதோ ஊரின் காலை நேரம் அவள் முகத்தில் மட்டும் விடிந்திருப்பது போல இருந்தது. ஒரு நிமிஷம் அவள் ஏற்கெனவே போய்விட்டாள் என்று

5

மாமா ஆறு மணிக்குக் கிளம்பினார். காலையில் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றார். கடையைப் பத்தரைக்குத்தான் திறப்பார்கள் என்று அம்மா நினைவுபடுத்தினாள். “அப்ப நல்லாச் சாமி கும்பிட்டுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் வெளியே தரையில் உட்கார்ந்து, கதவில் காதை வைத்தாள். அம்மா அந்நிய மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். எதிரில் யாரும் இல்லை. நெட் இல்லாத லேப்டாப்பைப் பார்த்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள். பெயர், எத்தனை வருஷ வேலை, எந்த மாதிரிப் பற்கள். ஒரு இடத்தில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு: எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ரொம்ப தைரியமான பெண். அவளைப் பற்றிக் கவலையே இல்லை.

அப்புறம் உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தைரியமான பெண் போனை எடுத்து, ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, தடையை நீக்கினாள். அவசரத்தில் முதல் தடவை தவறான பெயரைத் தொட்டுவிட்டாள். இரண்டாவது தடவை சரியாகத் தொட்டாள். அப்போது மணி ஆறு நாற்பது.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஒரு பெண் தப்பு செய்தாள், திருந்தினாள். பள்ளிக்கூட ஆண்டு மலரில் போடுவார்கள்.

6

ஏழு மணிக்கு அம்மா கதவைத் திறந்தபோது, “இப்ப ஒரு தடவ பாரும்மா, சும்மா” என்றாள் அவள்.

அம்மா பார்த்தாள். மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. ‘வயர்லெஸ் நெட்வொர்க் எதுவும் கிடைக்கவில்லை.’ பட்டியலைத் திறந்தாள். காலி. வாசலில் யாரும் இல்லை.

“அதேதாண்டி” என்றாள் அம்மா.

அவள் தன் போனை எடுத்தாள். தடையை எடுத்தாயிற்றே! போனில் மறுபடி பார்த்தாள். எடுத்துத்தான் இருந்தது. ரவுட்டரைப் பிடுங்கி, மாமாவுக்குப் பதில் தானே பத்து எண்ணினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். தன் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தாள். அந்தப் போன் பக்கத்திலேயே கிடப்பதைக் கூட லேப்டாப் பார்க்கவில்லை. ஹெல்ப்லைனில் ஒரு குரல் இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு, காலையில் கூப்பிடச் சொன்னது.

தான் தொட்டதால்தான் கெட்டுவிட்டது என்று அவள் நம்பினாள். ஒருதடவை வாசலை அடைத்தால் அது உள்ளேயிருந்தே பூட்டிக்கொள்ளும் போல. தடுத்ததைத் திருப்பி எடுக்கலாம் என்று ரவுட்டரின் பக்கத்தில் எழுதியிருந்தது பொய்.

“விடுடி. போனாப் போகுது” என்றாள் அம்மா. ரொம்ப அமைதியாக.

“இல்லம்மா, நான் ராத்திரி பாக்குறேன்.”

“பாரு. ஆனா ரொம்ப மெனக்கெடாத.” லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, நாளைக்குக் காட்டுவதற்காகச் செய்த மெழுகுப் பல் செட்டை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

7

இப்போது மணி ஒன்று நாற்பது. ‘அவள்’ என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. நான் என்றே எழுதுகிறேன். உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

அந்த லேப்டாப்பில்தான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தாயிற்று, இனி செய்ய ஒன்றுமில்லை என்றபோதுதான் எழுத ஆரம்பித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு முட்டும் போல இருந்தது. எதிரில் மெழுகுப் பற்கள் திரை வெளிச்சத்தில் ஈரமாக மின்னுகின்றன. பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள். ‘பல்லைக்காட்டு’ சுவரைத் தாண்டி, அம்மாவின் தலையணையைத் தாண்டி, அவள் தூக்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, தெருவில் யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் வராது.

ஆறாவது பகுதியை முடித்துவிட்டு, எழுதிய வரைக்கும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது பகுதியில் எழுதியிருக்கிறேன்: ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை.’ ஆறாவதில் எழுதியிருக்கிறேன்: ‘வயர்லெஸ் நெட்வொர்க் எதுவும் கிடைக்கவில்லை.’

இரண்டையும் வார்த்தை மாறாமல் தமிழாக்கியது நானேதான்.

அம்மா ‘அதேதாண்டி’ என்றாள். நானும் அதேதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதே இல்லை. மூன்றாவதில் மூணாம்மாடி இருக்கிறது, தையல்கடை இருக்கிறது. ஆறாவதில் ஒருவரும் இல்லை. நான் தடுத்தது எங்கள் ரவுட்டரில். எங்கள் ரவுட்டர் செத்தே போனாலும் தையல்கடை ஏன் காணாமல் போகும்?

நான் செய்த கோளாறு ஆறு நாற்பதுக்கே சரியாகிவிட்டது. இது வேறு கோளாறு. நாலரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் வந்தது.

எங்கே?

விளக்கைப் போடாமல், லேப்டாப்பைச் சுற்றி விரலால் தடவினேன். பின்பக்கம், வலது பக்கம், மாமா உடைத்த ஓட்டை. முன்விளிம்பில், இடப்பக்கமாக, விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னத் தள்ளுசுவிட்ச். பழைய லேப்டாப்களில் வைஃபையை மொத்தமாக அணைப்பதற்கு வைத்திருப்பார்கள். இத்தனை நாள் மாவுத்தூசி அடைத்துக் கிடந்ததால் அது இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது தூசி இல்லை. சுவிட்ச் அணைந்த பக்கம் இருக்கிறது. அதன் பள்ளத்தில் இளஞ்சிவப்பு மெழுகு, விரல் ரேகையோடு.

8

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. என் மேல் இல்லை. அம்மா மேல்.

கதவைச் சாத்திக்கொண்டு, மகளைப் பற்றிக் கவலையே இல்லை என்று அந்நிய மொழியில் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் இருந்தாளே, அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கட்டைவிரல் என்ன செய்தது? ‘போனாப் போகுது’ என்றாளே. ‘ரொம்ப மெனக்கெடாத’ என்றாளே. ஆறு மாதம் ஆசைப்பட்டுப் பழகியவள் பேசுகிற பேச்சா?

மாமா சொன்னாரே என்று விளிம்பைப் பிடித்து வீடு முழுக்க நடந்தவளும் அவள்தான். அறைக்குள்ளும் அப்படியே தூக்கிக்கொண்டுதான் போனாள். எங்கள் வீட்டில் உப்பு டப்பாவில் கூட மெழுகு இருக்கிறது. உப்பு டப்பா என்ன குற்றம் செய்தது?

(அம்மாவும் செய்தாள் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். அழகாக இருக்கிறது என்பதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. கை தவறிப் பட்டது என்று எழுதினால் கதை சப்பென்று போகும். ஆனால் அம்மா உண்மையிலேயே போக ஆசைப்பட்டவளாக இருப்பாள். எது அவள் என்று பதினாறு வருஷமாகக் கூட இருந்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.)

எழுப்பிக் கேட்கலாம். ‘நீ பண்ணியாம்மா?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘நான் பண்ணேன்மா’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயம். மாமா வீட்டுக்குப் போவதைவிட, அந்தத் தேனீச் சத்தம் இல்லாமல் தூங்குவதைவிட அதற்குத்தான் பயம்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் இப்போதே சுவிட்சைத் தள்ளுகிறேன். எல்லாரும் ஒவ்வொருவராக வாசலுக்கு வருகிறார்கள், மூணாம்மாடி, தையல்கடை, கேக்காதீங்க. கதையை அழித்துவிட்டுத் தூங்கிப்போகிறேன். காலையில் அம்மா ‘என் தங்கமே’ என்கிறாள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் போனில் அம்மா முகம். சில சமயம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும், அவள் செய்த பல் செட் மாதிரியே. அவள் போக விரும்பினாளா, நான் தள்ளிவிட்டேனா என்று எனக்குத் தெரியவே போவதில்லை.

இன்னொன்றில் சுவிட்சை அப்படியே விட்டு, கதையை அழிக்கிறேன். பத்து மணி வந்து போகிறது. அம்மா தூக்கத்தில் அந்நிய மொழியில்

இரண்டிலும் கதை அழிகிறது. அதனால் இரண்டும் வேண்டாம்.

காலையில் இந்த லேப்டாப்பை முதலில் திறக்கப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். இல்லை, உனக்குத் தெரியும். திறந்ததும் இந்தப் பக்கம்தான் வரும். இதைப் படிக்க நெட் வேண்டாம்.

அம்மா, யார் என்பதில் என் பங்கை எழுதிவிட்டேன். மிச்சத்தை மாமா மாதிரி நானும் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். எங்கே என்பதை மட்டும் சொல்கிறேன்: முன்விளிம்பு, இடப்பக்கம், உன் கட்டைவிரல் படும் இடம். மெழுகை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டேன். நகம் பட்டாலே நகரும்.

நான் நகர்த்தவில்லை. பற்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், தூசி படாமல். ஆறு மணிக்கு உன் அலாரம் அடிக்கும். பத்து மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்.